எஃப்ளோரசன்ஸ்: நீர்விடலா, நீறுபூத்தலா?

வணக்கம்.

பழைய மருந்து டப்பாக்களுக்கு விவரப் பட்டியல் எழுதும்போது 'எஃப்ளோரசன்ஸ்' திரும்பத் திரும்ப வருகிறது. சலவைச் சோடா, கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்), எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) இருந்த தகர டப்பாவைத் திறந்தால் கண்ணாடிபோன்ற படிகத்துக்குப் பதில் வெள்ளை மாவுதான் கிடக்கும். படிகத்துக்குள் கட்டுண்டிருந்த நீர், அதாவது படிகநீர், காற்றோடு போயிருக்கும். இதற்குத் தமிழில் 'நீர்விடல்' என வைக்கலாமா?

---

> 'நீர்விடல்' என வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. "உப்பு நீர்விட்டுப் போச்சு" என்றால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசகசத்துவிட்டது என்றுதானே பொருள்? அது டெலிக்குவெசன்ஸ், நேர் எதிர். சோடியம் குளோரைடு அப்படி ஆக, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 போதும். அது கலந்திருக்கும் கழுவாத கடலுப்பு சீக்கிரம் நசநசப்பது அதனால்தான்.

என் முன்மொழிவு 'நீறுபூத்தல்'. நீறு பூத்த நெருப்பைப் போலத்தான்: மேலே மாவு, உடைத்தால் நடுவில் தெளிந்த படிகம்.

பட்டியலில் இது பிழையில்லாமல் பதிவாக வேண்டியது அளவுக்காக. சலவைச் சோடாப் படிகம் 286 கிராமில் 180 கிராம் நீர். வறண்ட காற்றில் பத்து நீர் மூலக்கூறுகளில் ஒன்பது போய்விடும். 100 கிராம் படிகம் சுமார் 43 கிராம் பொடியாக நிற்கும். பழைய குறிப்பு படிகத்துக்குச் சொன்ன எடையில் இந்தப் பொடியைப் போட்டால் காரம் 2.3 மடங்கு. கை எரியும், அலுமினியப் பாத்திரம் கறுக்கும். கிளாபர் உப்பு மொத்த நீரையும் இழந்து 44 கிராமாகும். எப்சம் உப்பில் ஏழில் ஒரு மூலக்கூறுதான் எளிதில் கழலும். 93 கிராம் மிஞ்சும், பெரிய வித்தியாசமில்லை.

---

> என் முன்மொழிவு 'நீறுபூத்தல்'.

சொல் நன்றாக ஒட்டுகிறது. ஒரு தடை: சுண்ணாம்பு நீற்றும்போது சுட்ட கல் நீரை வாங்கி மாவாகிறது, இங்கே நீரை இழந்து மாவாகிறது. ஆனால் 'நீறு' சொல்வது பொடியை மட்டும், காரணத்தை அல்ல. ஆகவே தோற்றத்துக்கு 'நீறுபூத்தல்', நிகழ்வுக்குப் 'படிகநீர் நீங்கல்' என இரண்டாகப் பிரித்துவிடுவோம். சுவரில் வருவதையும் எஃப்ளோரசன்ஸ் என்பார்கள், ஆனால் அது வேறு: கரைசல் மேலே ஏறி, நீர் காய்ந்து, உப்பு வெளியே தங்குவது. அதற்கு 'உப்புப்பூத்தல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

பிரிப்பது வெறும் நுணுக்கமல்ல. மயக்கம் தெளிய முகரும் உப்பு டப்பாவைப் பாருங்கள். அமோனியம் கார்பனேட் கட்டிமேலும் வெள்ளை மாவு படரும். அங்கே முக்கியமாகப் போவது அமோனியா, நிற்பது அமோனியம் பைகார்பனேட். நீறுபூத்திருக்கிறது, ஆனால் கதை படிகநீரோடு முடியவில்லை.

மூன்றாவது ஒரு நிலைக்கும் சொல் வேண்டும். மூடி இறுகிய டப்பா சூட்டில் கிடந்தால், கிளாபர் உப்பு 32.4 பாகை செல்சியசில் தன் படிகநீரிலேயே கரையத் தொடங்கும். ஒரு பகுதி நீரற்ற பொடியாக அடியில் படியும். ஆறியதும் எல்லாம் ஒரே கட்டி. மூடியின் உட்புறத்தில் நீர் கோத்து, வெள்ளீயப் பூச்சு கீறிய இடத்திலும் மடிப்பு ஓரத்திலும் துரு பிடிக்கும். பட்டியலில் இதை டெலிக்குவெசன்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். வெளியிலிருந்து ஈரம் வந்திருந்தால் எடை கூடியிருக்கும், இங்கே கூடாது. 'தன்னீரில் உருகல்' என்று தனிப் பதிவாகப் போடலாம்.

பெயர்ச்சீட்டு உதிர்ந்த டப்பாவில் சோடாவா, முகரும் உப்பா என்று தெரியாவிட்டால், நல்ல காற்றோட்டத்தில் ஒரு சிட்டிகையைக் கரண்டியில் வைத்துச் சூடாக்குங்கள், மூக்கைக் கிட்டே கொண்டுபோகாமல். சோடா வெள்ளையாக அப்படியே நிற்கும். அமோனியம் உப்பு கரண்டியில் மிச்சம் வைக்காது.