மேக்கரலுக்குப் பாடநூலில் எந்தப் பெயர்: அயிலையா, கானாங்கெளுத்தியா?

குழுவினருக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்பு அறிவியல் துணைநூல் ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேக்கரல் என்ற கடல்மீன் வரும் இடத்தில் 'கானாங்கெளுத்தி' என்று போட்டிருக்கிறேன். அதே பக்கத்தில் 'கெளுத்திகளுக்குச் செதில் கிடையாது, வாயோரம் மீசை உண்டு' என்றும் வருகிறது. மாணவர்கள் இரண்டையும் ஒரே குடும்பம் என்று எழுதிவிடுவார்கள். மாற்றுச் சொல் வேண்டும்.

———

> மாற்றுச் சொல் வேண்டும்

மாற்று எதற்கு? பழஞ்சொல்லே இருக்கிறதே. 'அயிலை துழந்த அம்புளிச் சொரிந்து' என்கிறது அகநானூறு 60. மேற்குக் கரையில் இருந்த சேரர் துறைமுகம் தொண்டியைப் பாடும் பாட்டு அது. குமரிக் கரையில் இன்றும் அயிலைதான், மலையாளத்தில் அயல. அயில் என்றால் வேல். இருபுறமும் கூம்பிய உடலைப் பாருங்கள். அயிலுதல் என்றால் உண்ணுதல். ஆகவே வேல் வடிவில் அமைந்த உணவு என்று...

———

ஐயா, அந்த 'ஆகவே' வேண்டாம். கூம்பிய உடல் சூரைக்கும் உண்டு. உண்ணப்படுவது எல்லா மீனுக்கும் பொது. அகநானூற்று அயிலை இதே மீன்தான் என்று காட்டப் பாட்டில் உருவ அடையாளம் ஏதும் இல்லை. பெயர் அதே கரையில் தொடர்ந்து வழங்குவதே சான்று. வலுவான சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றில் அயிரை என்று விரல் நீள மீன் ஒன்று இருக்கிறதே? மெய்ப்பு பார்ப்பவர் 'அயிலை'யைப் பிழை என்று நினைத்துத் திருத்தினால் பாடமே குளத்துக்குள் போய்விடும்.

இனி கானாங்கெளுத்தி. அதில் இருப்பது கெளுத்தியே அல்ல என்பது என் கருத்து. பாட்ரிக் ரஸ்ஸல் என்ற இயற்கையியலாளர் விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி 1803-இல் வெளியிட்ட நூலில் இந்த மீனை 'கனகுர்த்த' என்று குறித்தார். 1816-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதையே அறிவியல் பெயராக்கினார். தெலுங்கில் இன்று கானாகடத. நம் கரையில் சில ஊர்களில் கானாங்கத்தை. பொருள் விளங்காத அந்தப் பின்பாதியை, நாக்குக்குப் பழகிய கெளுத்தியாக நம்மவர்கள் மாற்றியிருக்க வேண்டும்.

———

ஆக, கடன்சொல் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அயிலை இருக்கும்போது கடன் எதற்கு?

———

யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது இன்னும் தீரவில்லை. அதற்குள் கடன்பத்திரம் எழுத வேண்டாம். சென்னைப் பிள்ளைக்கு அயிலை புதுச்சொல், ஈழத்துப் பிள்ளைக்கு இந்த மீன் கும்பளா. தூய்மை பார்ப்பவர்கள் யாருக்காகப் பார்க்கிறோம் என்பதையும் பார்க்கலாம்.

———

பெயர் இருக்கட்டும். மூலநூல் எந்த மேக்கரலைச் சொல்கிறது? ஸ்பானிஷ் மேக்கரல் என்று இருந்தால் அது வஞ்சிரம் வகை. ஹார்ஸ் மேக்கரல் என்றால் பாறை மீன் குடும்பம்; வங்கடையையும் அப்படிச் சொல்வதுண்டு. இந்தியன் மேக்கரல் என்றால்தான் நம் விவாதமே பொருந்தும். படம் இருந்தால் முதுகிலும் அடியிலும் வாலை ஒட்டி வரும் குறுந்துடுப்புகளை எண்ணுங்கள்: ஐந்தைந்து இருக்கும். வஞ்சிரத்துக்கு முதுகுப்பக்கம் 8 முதல் 10. இந்தியன் மேக்கரலுக்கு நெஞ்சுத் துடுப்பின் கீழ்விளிம்பருகே ஒரு கரும்புள்ளி. வாயைத் திறந்தால் உள்ளே இறகு மாதிரி நீண்ட முட்கள் தெரியும். முதல் செவுள் வளைவின் கீழ்க்கையில் மட்டும் 30 முதல் 46. மிதவையுயிரிகளை (பிளாங்டன்) நீரிலிருந்து வடித்தெடுப்பது இவைதான். பேரினப் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் என்பதற்கே 'சிறு வாரியை (குப்பை வாரும் பல்கருவியை)த் தாங்கியது' என்று பொருள். அந்த முட்களுக்குச் 'செவுள்வாரி' என்றும் மீனுக்கு 'வாரிச்செவுளி' என்றும் சொல்லலாமே?

———

செவுள்வாரி நன்று. வாரிச்செவுளி கிலோ என்ன விலை என்று ஏலக்கூடத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

———

மூலத்தில் இந்தியன் மேக்கரல்தான். படத்தில் குறுந்துடுப்பு ஐந்து. நேரம் இல்லாததால் பெரும்பான்மைப்படி முடிக்கிறேன். முதலில் வரும் இடத்தில் 'அயிலை எனும் கானாங்கெளுத்தி', பிறகு அயிலை. 'பெயரில் கெளுத்தி இருந்தாலும் இதற்குச் செதில் உண்டு, மீசை இல்லை' என்று அடிக்குறிப்பு. உறுப்புக்குச் செவுள்வாரி. அயிரை பற்றி மெய்ப்பாளருக்குத் தனியே எழுதிவிட்டேன்.

———

சொல்லடைவில் கானாங்கெளுத்திக்கும் கும்பளாவுக்கும் தனிப் பதிவு வேண்டும். 'காண்க: அயிலை' என்று மட்டும் போட்டு ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். மேலும், கடலைக் குறிக்கும் 'வாரி' வடசொல். வாருதலிலிருந்து வரும் வாரி தமிழ் என்று நமக்குத் தெரியும், மாணவருக்குத் தெரியுமா? செவுட்சீப்பு என்று ஏன் யாரும் யோசிக்கவில்லை?