புதுப்பிப்பு: பிக்கப் வண்டியின் பின்னால் சரக்கு வைக்கும் தொட்டிக்கு மூடி மாட்டிவிட்டேன்

சுருட்டும் துணி மூடியா, மடிக்கும் அலுமினிய மூடியா, உள்ளிழுக்கும் மூடியா என்று முன்பு கேட்டிருந்தேன். மூன்றாக மடியும் அலுமினிய மூடியையே வாங்கினேன். உள்ளிழுக்கும் வகையில், மூடி சுருண்டு அடங்கும் பெட்டி தொட்டியின் முன்பகுதியில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. எனக்கு அந்த இடம் தேவை. துணி மூடி எடை குறைவுதான், ஆனால் கத்தி வைத்திருப்பவனுக்கு அது ஒரு பூட்டே அல்ல.

மாட்டுவது எளிது. இரண்டு பக்கமும் தொட்டியின் விளிம்போடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், துளை போடும் வேலை இல்லை. ஒரு வாரம் ஓட்டிய பிறகு பார்த்தால் முன்பக்கக் கிளாம்ப் ஒன்று விரலாலேயே திரும்பியது! புதிதாக மாட்டுபவர்கள் சில நாளில் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிவிடுங்கள்.

மழைதான் உண்மையான சோதனை. மூடியின் மடிப்புகளில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. தண்ணீர் வந்தது பின்கதவின் ஓர இடைவெளி வழியாக. கீழ் மூலையில் வைத்திருந்த அட்டைப்பெட்டியின் அடி ஊறிப் பிய்ந்துவிட்டது. மூடி மேற்பக்கத்தைத்தான் காக்கும், பின்கதவின் இடைவெளியை அடைக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். அதன்பின் பெய்த இரண்டு மழைக்கும் உள்ளே காய்ந்தே இருக்கிறது.

எந்த அளவு மூடி வாங்குவது என்று கேட்டவருக்கு: விளம்பரத்தில் சொல்லும் நீளத்தை நம்பாமல், பின்கதவை மூடி வைத்து, தொட்டியின் உட்புற நீளத்தை நீங்களே டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.