கம்யூனிட்டி கல்லூரிப் பாடத்துக்கு மகனைத் தயார்ப்படுத்த யோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். கலிஃபோர்னியாவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகன், வரும் ஆகஸ்டிலிருந்து பள்ளியோடு சேர்த்துக் கம்யூனிட்டி கல்லூரியில் (உள்ளூர் ஈராண்டு அரசுக் கல்லூரி) ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் எடுக்கவிருக்கிறான். முன்பெல்லாம் தரத்தேர்வு வைத்து, தேறாதவர்களை அடிப்படை வகுப்பில் உட்கார வைப்பார்கள். 2017இல் இயற்றப்பட்ட ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு, பள்ளி மதிப்பெண்களைக் கொண்டே பெரும்பாலோரை நேராகப் பட்டப்படிப்புக்குரிய பாடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நல்ல மாற்றம்தான்; ஆனால் தயாரிப்பு வீட்டின் பொறுப்பாகிவிட்டது.

சென்ற கோடையில் ஒரு பாடம் எடுத்துப் பார்த்தான். பாடம் அவனுக்குக் கடினமாக இல்லை. ஆனால் பேராசிரியர் முதல் நாளே கொடுத்த எட்டுப் பக்கப் பாடத்திட்டத்தை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஞாயிறு இரவு 11:59க்குள் ஏற்ற வேண்டிய கட்டுரையைத் திங்கள் காலை அனுப்பிவிட்டு, பள்ளியில் கிடைப்பதுபோல் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்குமென்று காத்திருந்தான், கிடைத்தது பூஜ்யம். பாடத்தின் இறுதி மதிப்பெண்ணோ கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக நின்றுவிடும். நானே விசாரிக்கலாமென்றால், மாணவனின் ஒப்புதல் இல்லாமல் பேராசிரியர்கள் பொதுவாகப் பெற்றோரிடம் பேசுவதில்லை.

மூன்று யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) பாடத்துக்கு வாரம் 3 மணி நேரம் வகுப்பு, வெளியே 6 மணி நேரம் படிப்பு என்பது வழக்கமான கணக்கு. அந்த 6 மணி நேரத்தை உங்கள் பிள்ளைகள் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள்? எம்எல்ஏ முறையில் (MLA, கட்டுரைகளில் ஆதாரங்களைக் குறிப்பிடும் ஒரு வடிவம்) மேற்கோள் காட்டுவதை முன்கூட்டியே பழக்கினீர்களா? பேராசிரியர் ஒதுக்கும் சந்திப்பு நேரத்தில் போய்க் கேட்கவே கூச்சப்படும் பையனை (என்னைப்போலவே) எப்படிப் பேச வைத்தீர்கள்? பொது அறிவுரையைவிட, உங்கள் வீட்டில் உண்மையில் பலித்ததை எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.