பள்ளியில் மதுவுக்கு எதிரான வகுப்பு: நம்ம வேலூர்ப் பக்கம் இதனால பயன் உண்டா?

சத்துவாச்சாரி அப்பா:
பையன் ஒன்பதாவது படிக்கிறான். போன வாரம் அவங்க பள்ளியில போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் சார்பா கூட்டம். போலீஸ் அதிகாரி ஒருத்தர் வந்து கெட்டுப்போன கல்லீரல் படத்தைக் காட்டியிருக்கார். அப்புறம் எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி. 2022 ஆகஸ்ட் 11 அன்னைக்கு மாநிலம் முழுக்க நடந்துச்சே, அதே மாதிரி. "கல்லீரல் வந்தப்போ கடைசி பெஞ்சுல விசில் அடிச்சாங்கப்பா"னு பையன் சிரிக்கிறான்.

வருஷத்துக்கு ஒரு உறுதிமொழி போதாது, ஏழாம் வகுப்புல இருந்தே வாரம் ஒரு பீரியட் ஒழுங்கா நடத்தணும்னு பள்ளி மேலாண்மைக் குழுவுல கேட்கலாம்னு இருக்கேன். உங்க கருத்து என்ன?

பாலாத்தங்கரை:
கேளுங்க சார், தப்பில்ல. ஆனா பயன் இருக்காது. காலையில பிரேயர்ல "குடிக்க மாட்டோம்"னு சொல்ல வைக்கிறதும் அரசு, மதியம் 12 மணிக்கு ஷட்டரைத் தூக்குறதும் அதே அரசு. 2003ல சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கிட்டதுல இருந்து இதுதான் கதை. பள்ளிக்கும் கடைக்கும் நடுவுல நகரத்துல 50 மீட்டர், மத்த இடத்துல 100 மீட்டர் இருந்தா விதிப்படி போதும். எட்டாவது படிக்கிற பையன் ஒரு மூச்சுல ஓடிடுவான்.

அமெரிக்காவுல 1983ல 'டேர்'னு ஆரம்பிச்சாங்க. யூனிஃபார்ம் போட்ட போலீஸே வகுப்புக்கு வந்து பாடம் எடுக்கும். கோடி கோடியா செலவு. கடைசியில ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா, அந்த வகுப்புல உட்கார்ந்த பசங்களுக்கும் உட்காராத பசங்களுக்கும் குடிக்கிறதுல பெரிய வித்தியாசமே இல்ல. நாம அதையே இப்போ புதுசா ஆரம்பிக்கிறோம்.

குடியாத்தம் டீச்சர்:
டேர் பத்தி சொன்னது சரிங்க. ஆனா அது தோத்ததால பள்ளியில எதுவுமே வேலைக்கு ஆகாதுன்னு எப்படி முடிவு பண்றீங்க? மருத்துவ ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து அலசுற காக்ரேன்னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு, 2011ல அவங்க தொகுப்புல பள்ளித் திட்டங்கள் பத்தின 53 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. நிறைய திட்டங்களால பலன் இல்லை, சிலதால இருந்துச்சு. பலன் இருந்தது பயமுறுத்துற வகுப்புகள் இல்லை. "ஒரு மடக்குதான்டா"னு நண்பன் நீட்டும்போது உறவு முறியாம எப்படி மறுக்கிறது, கோபத்தையும் தோல்வியையும் எப்படிச் சமாளிக்கிறதுன்னு நடிச்சுப் பழகுற மாதிரியான வகுப்புகள்.

இன்னொண்ணு, எண்ணிக்கை. 'எல்லாரும் குடிக்கிறாங்க'ன்னு பசங்க நம்புறாங்க. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019ல வெளியிட்ட ஆய்வுப்படி நாட்டுல 10 முதல் 17 வயசுல குடிக்கிறவங்க 1.3 சதவீதம். பெயர் எழுதாத துண்டுச்சீட்டுல ரெண்டே கேள்வி கேட்டேன்: "உன் வகுப்புல எத்தனை பேர் குடிச்சிருப்பாங்க?", "நீ குடிச்சிருக்கியா?" முதல் கேள்விக்குப் பாதி வகுப்புக்கு மேலன்னு எழுதினவங்கதான் அதிகம். ரெண்டாவதுக்கு ஆமான்னு வந்தது விரல் விட்டு எண்ணலாம். பலகையில எழுதிக் காட்டினதும் விசில் வரலை.

பாலாத்தங்கரை:
டீச்சரம்மா, சீட்டுல உண்மையை எழுதுவான்னு எப்படி நம்புறீங்க? எருது விடும் விழா அன்னைக்கு எங்க ஊருக்கு வாங்க, மீசை முளைக்காததெல்லாம் பீர் டின்னோட நிக்கும். பாலாத்து மணல்ல சாயங்காலம் கால் வைக்க முடியல, அத்தனை பாட்டில் சில்லு.

கடைப்பையன்:
நான் விற்பனையாளர், எந்தக் கடைன்னு கேட்காதீங்க. 21 வயசுக்குக் கீழ விற்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு. ராத்திரி ஒன்பதரைக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் நாப்பது கை நீட்டுது, யார்கிட்ட ஆதார் கேட்பேன்? ஆனா இன்னா விஷயம்னா, பசங்க நேரா வர்றதே கம்மி. பெரிய பையன் ஒருத்தன்கிட்ட காசு கொடுப்பான், அவன் நாலு குவார்ட்டர் வாங்கிட்டுப் போவான். காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி பிளாக்ல விற்கிறவன்கிட்டயும் கிடைக்கும், அவன் வயசெல்லாம் பார்க்க மாட்டான். சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவுப்படி குழந்தைக்குச் சரக்கு கொடுத்தா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம். அந்த வாங்கித் தர்ற அண்ணனுக்கு இது தெரியவே தெரியாது. உங்க வகுப்புல பன்னிரண்டாவது படிக்கிறவனுக்கு முதல்ல அதைச் சொல்லுங்க.

பாலாத்தங்கரை:
பார்த்தீங்களா, கடைக்காரரே சொல்லிட்டார். கடை இருந்தா சரக்கு எப்படியும் பையன் கைக்கு வரும். கடையை மூடுங்க, வகுப்பே தேவையில்ல.

ஜவ்வாது மலையடிவாரம்:
தம்பி, வரலாறு கொஞ்சம். 1937ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். 1939லேயே நம்ம வட ஆற்காட்டுக்கு வந்துடுச்சு. 1971ல எடுத்தாங்க, 1974ல திரும்பப் போட்டாங்க, 1981ல மறுபடி எடுத்தாங்க. விலக்கு இருந்த காலத்துல மலையில ஊறல் போட்டதையும் லாரி டியூப்புல சாராயம் இறங்கினதையும் பார்த்தவன் நான். சுமந்துட்டு வந்தது பாதி பேர் சின்னப் பசங்க, போலீஸ் சந்தேகப்படாதுன்னு. கடையை மூடினா மட்டும் தீரும்னா 2024 கள்ளக்குறிச்சியில அறுபதுக்கு மேல ஏன் செத்தாங்க?

பாலாத்தங்கரை:
ஐயா, கள்ளக்குறிச்சியில டாஸ்மாக் இருந்துச்சே! கடை திறந்திருந்தாலும் விஷச்சாராயம் நிக்கலைன்னுதானே அது காட்டுது. உங்க உதாரணம் என் பக்கம்தான் பேசுது.

பேர்ணாம்பட்டு அம்மா:
நான் ஷூ கம்பெனி வேலைக்குப் போறவ. இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நீங்க எல்லாம் பையன் குடிப்பானா மாட்டானான்னு பேசுறீங்க. எங்க வீட்டுல அப்பா குடிக்கிறார். சோடாவும் கிளாசும் வாங்க அனுப்புறது பையனைத்தான், பத்து வயசுல இருந்து. பள்ளியில ஒரு நாள் யாரோ வந்து "குடிக்கிறவன் மனுஷனே இல்ல"ன்னு பேசிட்டு, "யார் வீட்டுல அப்பா குடிக்கிறாங்க, கை தூக்கு"ன்னு கேட்டாங்களாம். இவன் தூக்கலை. பக்கத்துப் பையன் "டேய், உங்கப்பா?"ன்னு இவன் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டிருக்கான். அப்புறம் ரெண்டு நாள் பள்ளிக்கே போகலை.

அவனுக்கு அவங்கப்பா மேல பாசம் இருக்கு. குடிக்காத நேரத்துல சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தவரு அவர்தான். வகுப்பு வைக்கிறதுன்னா வைங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அங்க உட்கார்ந்திருக்கிற பாதி பசங்க வீட்டுல குடி இருக்குன்னு தெரிஞ்சு பேசுங்க.

குடியாத்தம் டீச்சர்:
அக்கா, கை தூக்கச் சொன்னது பெரிய தப்பு. எந்தப் பயிற்சியிலயும் அப்படிச் சொல்லித் தர்றதில்ல. பேச வர்றவங்களுக்குப் பயிற்சியே இல்லைங்கிறதுதான் இதுல தெரியுது. 2020ல வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்துல பள்ளிக்கு ரெண்டு ஆசிரியருக்குப் பயிற்சி, பதினோரு தலைப்பு, போதைத் தவிர்ப்பும் அதுல ஒண்ணு. ஏட்டுல நல்லாத்தான் இருக்கு. அந்த ரெண்டு பேருக்கே எமிஸ் பதிவு (மாணவர் விவரத்தை எல்லாம் ஆன்லைன்ல ஏத்துற வேலை), தேர்தல் வேலை, பத்தாவது ரிசல்ட் எல்லாம் இருக்கு.

வகுப்புல நான் "குடிகாரன்"ங்கிற சொல்லையே எடுக்கிறதில்ல. அது நோய், வைத்தியம் உண்டு, அப்பா குடிக்கிறதுக்கு நீ காரணம் இல்லன்னு சொல்றேன். இந்த மூணாவதைக் கேட்டதும் சில பிள்ளைங்க நிமிர்ந்து பார்க்கும். உங்க வீட்டுக்காரர் சம்மதிச்சா பாகாயத்துல சிஎம்சி மனநல மையத்துக்குப் போகலாம். போனிலேயே ஆலோசனை கேட்க 14446 இருக்கு, இலவசம். வீட்டுல அடிதடின்னா பையனே 1098க்குக் கூப்பிடலாம்.

காட்பாடி ஜங்ஷன்:
ஐஸ்லாந்து பத்தி யாரும் சொல்லலையே? 1998ல அங்க 15-16 வயசுப் பசங்கள்ல 42 சதவீதம் பேர் முந்தின ஒரு மாசத்துல போதையாகுற அளவுக்குக் குடிச்சிருந்தாங்க. 2016ல அது 5 சதவீதம். பள்ளிதோறும் கணக்கெடுத்தாங்க, பெற்றோர்களை ஒண்ணு சேர்த்தாங்க, சாயங்காலம் விளையாட்டு, இசைன்னு காசு கொடுத்து அனுப்பினாங்க. இங்க நாலரை மணிக்கு மேல பசங்களுக்கு என்ன இருக்கு? கிரவுண்டைப் பூட்டிடுறாங்க.

பாலாத்தங்கரை:
அதையும் முழுசாச் சொல்லுங்க. அங்கயும் கடை அரசுதான் நடத்துது, ஆனா 20 வயசுக்குக் கீழ ஒரு பாட்டில் வாங்க முடியாது. ராத்திரி பசங்க வெளியில சுத்த நேரக் கட்டுப்பாடு உண்டு. பாட்டும் பந்தும் மட்டும் இல்ல, கடையையும் கட்டுப்படுத்தினாங்க.

காட்பாடி ஜங்ஷன்:
கட்டுப்படுத்தினாங்க, மூடலையே. நீங்க மூடுன்னுதானே கேட்டீங்க?

சத்துவாச்சாரி அப்பா:
எல்லாருக்கும் நன்றி. வாரம் ஒரு பீரியட்னு ஆரம்பிச்சேன், இப்போ குழுவுல நான் வைக்கப்போறது இதுதான்: கல்லீரல் படம் வேண்டாம், கை தூக்கச் சொல்றது வேண்டவே வேண்டாம், டீச்சர் சொன்ன துண்டுச்சீட்டு ஏழாம் வகுப்புல இருந்து, கிரவுண்டு ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கணும். திறந்து வைக்க ஆள் வேணும்னு சொல்வாங்க. வாரத்துல ரெண்டு நாள் நானே நிக்கிறேன்.

பாலாத்தங்கரை:
கூட்டத் தேதியை இங்க போடுங்க, வர்றேன். கடையை இடம் மாத்தச் சொல்லி கலெக்டருக்கு ஒரு மனு எழுதி வெச்சிருக்கேன், அதுல உங்க குழுவுல எத்தனை பேர் கையெழுத்துப் போடுறாங்கன்னு பார்ப்போம். உங்க பீரியடுக்கு நான் ஆதரவா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்.