சல்லி என்றால் காசா, வளையமா?

பாலமேட்டான்:
கல்வெட்டுப்பித்தன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஜல்லிக்கட்டு என்றால் காசுக்கட்டு. சல்லிக்காசைத் துணியில் முடிந்து கொம்பில் கட்டினார்கள், காசுக்காக ஆட்கள் பாய்ந்தார்கள். வீரம், பண்பாடு எல்லாம் பின்னால் ஒட்டவைத்தது" என்கிறார். மாட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதுகிற பேச்சா இது? சல்லி என்பது மாட்டின் கழுத்தில் போடும் வளையம். என் தாத்தா செய்ததை நான் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பச்சைப் புளியங்கம்பை நெருப்பில் வாட்டி, முழங்காலில் வைத்து அவசரப்படாமல் வளைப்பார். இரண்டு நுனியையும் நாரால் இறுக்குவார். சூடு ஆறியதும் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார், சிலாம்பு இருந்தால் மாட்டுக்குக் குத்துமே என்று. இதைக் காசுக்கட்டு என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

கல்வெட்டுப்பித்தன்:
தாத்தா வளையம் செய்தார், சரி. அதைச் சல்லி என்று சொன்னாரா? "சல்லிப்பைசா பெறாது" என்று ஊரே சொல்கிறது. அது எந்த வளையம்?

பாலமேட்டான்:
சொன்னார். நூறு தடவை கேட்டாலும் அதுதான் பதில். இந்தக் காசுக்கதையைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு 2014 மே 7 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நினைவிருக்கிறதா? சல்லி காசு, கட்டு பொட்டலம் என்று அதிலும் எழுதியிருந்தது. காசுக்காக நடந்த ஆட்டம் என்று ஆன பிறகு பண்பாடு என்று யார் நம்புவார்கள்? 2015, 2016 இரண்டு பொங்கலுக்கும் எங்கள் மஞ்சமலை ஆற்றுத் திடல் வெறிச்சென்று கிடந்தது. அந்த வலி உங்களுக்குத் தெரியாது.

கல்வெட்டுப்பித்தன்:
அண்ணே, தடை வந்தது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை வைத்து. சல்லி என்ற சொல்லை வைத்து அல்ல. 2017இல் சட்டத்தைத் திருத்தினோம், 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. அதற்காக யாரும் புளியங்கம்பைக் கொண்டுபோய்க் காட்டவில்லை.

சிராவயல் சீமை:
மதுரைக்காரர்களுக்கு எப்போதும் தங்கள் ஊர்ப் பெயர்தான் உலகம். எங்கள் பக்கம் இது மஞ்சுவிரட்டு. காசும் வேண்டாம், வளையமும் வேண்டாம். மாடு வெளிவருகிற இடத்தை நாங்கள் இன்றைக்கும் 'தொழு' என்கிறோம். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர் இளைஞர்கள் ஏறு தழுவப் பாய்கிற இடமும் தொழுதான். இரண்டாயிரம் வருடப் பழமையைப் பற்றிப் பேச வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வாருங்கள்.

பாலமேட்டான்:
தொழு இருக்கட்டும். நான் கேட்டது சல்லி.

மட்டக்களப்பு வாசகி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் காசைச் சல்லி என்றுதான் சொல்லுவோம். "கையில சல்லி இல்ல" என்பது நாளாந்தப் பேச்சு.

கல்வெட்டுப்பித்தன்:
கேட்டுக்கொள்ளுங்கள். கடல் கடந்தும் சல்லி காசுதான்.

பாலமேட்டான்:
அக்கா, உங்கள் ஊரில் காசாக இருக்கட்டும், மறுக்கவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தானா? இவர் கொம்பைப் பார்த்துவிட்டு கழுத்தைப் பார்க்காமல் எழுதுகிறார். வளையம் கழுத்தில் இருக்கிறது, கழுத்தில்!

கல்வெட்டுப்பித்தன்:
சேலம் மாவட்டத்தில் கிடைத்த நடுகல் ஒன்று உண்டு. கருவந்துறையிலே எருது விளையாடிப் பட்டான் சங்கன், அவன் மகன் பெரிய பயல் நட்ட கல் என்று அதில் வெட்டியிருக்கிறது. மாடு குத்திச் செத்த அப்பனுக்கு மகன் கல் நட்டிருக்கிறான். நான் வீரத்தை மதிக்காதவன் என்று எழுதுகிறவர்கள் இதைப் படியுங்கள். அந்தக் கல்லில் 'எருது விளையாடி' என்றுதான் இருக்கிறது, ஜல்லிக்கட்டு என்று இல்லை. அந்தப் பெயர் பிற்காலத்தது, காசோடு வந்தது என்பதுதான் நான் சொன்னது.

பாலமேட்டான்:
அந்தக் கல்லில் காசு இருக்கிறதா?

கல்வெட்டுப்பித்தன்:
வளையம் இருக்கிறதா?

பாலமேட்டான்:
காசு இல்லை அல்லவா, அவ்வளவுதான். சங்கன் காசுக்காகச் சாகவில்லை. முல்லைக்கலியிலும் காசு இல்லை. கொம்புக்கு அஞ்சுகிறவனை மறுபிறவியிலும் தழுவமாட்டாள் ஆயர் மகள் என்று இருக்கிறது.

சிராவயல் சீமை:
அது ஆயர் பெண் மாப்பிள்ளை தேர்ந்த முறை. இன்றைக்கு உங்கள் வாடிவாசலில் காரும் பைக்கும் பரிசு கொடுக்கிறார்கள். காசு இல்லை என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்?

பாலமேட்டான்:
பரிசு வேறு, பெயர் வேறு. எங்கள் ஊரில் கோயில் காளை முதலில் வரும், அதை ஒருவனும் தொடமாட்டான். அதற்கு என்ன பரிசு? மூக்கணாங்கயிற்றை அறுத்து விடுகிற நேரத்தில் மாட்டுக்காரன் கை நடுங்குவதை நீங்கள் பார்த்ததுண்டா? வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டை வைத்து வளர்த்தவன் அவன்.

அலங்காநல்லூர் மருமகன்:
கோயில் காளைக்கு மரியாதை பாலமேட்டில் மட்டும்தானா? முனியாண்டி கோயில் காளை வந்த பிறகுதான் எங்கள் வாசலிலும் மற்ற மாடு. உலகம் பார்க்க வருவது காணும் பொங்கலன்று எங்கள் ஊருக்குத்தான்.

பாலமேட்டான்:
மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் நின்று விளையாடிய மாட்டைப் பார்த்த பிறகு பேசு தம்பி. பெரிய அரங்கம் கட்டியதும் கீழக்கரையில்தான், உங்கள் வாடிவாசலில் இல்லை.

அலங்காநல்லூர் மருமகன்:
கீழக்கரை எங்களுக்குப் பக்கம், உங்களுக்கா பக்கம்? 2024 ஜனவரியில் திறந்தபோது நான் அங்கேதான் நின்றேன்.

கல்வெட்டுப்பித்தன்:
அரங்கத்துக்கு வைத்த பெயரைக் கவனித்தீர்களா? ஏறுதழுவுதல் அரங்கம். ஜல்லிக்கட்டு என்று வைக்கவில்லை.

பாலமேட்டான்:
உங்களைப் போன்றவர்கள் காசு காசு என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் பெயரைக் கூசவைத்தீர்கள். நான் விடமாட்டேன். சல்லி வளையம். தாத்தா செய்த கடைசி வளையம் இன்னும் எங்கள் வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கிறது. நாளைக்குப் படம் போடுகிறேன்.

கல்வெட்டுப்பித்தன்:
போடுங்கள். அதில் சல்லி என்று எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

சிராவயல் சீமை:
தொழுவைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.