ஆர்6-க்குப் பிறகு மூன்று சக்கரமா? ரைக்கர், நிக்கென் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வல்வைக்காற்று (ஸ்காபரோ, கனடா)

பத்தொன்பது வருடங்களாக ஸ்போர்ட் பைக் மட்டுமே ஓட்டி வருகிறேன். முதலில் நிஞ்ஜா 250, பிறகு 2008ஆம் ஆண்டு யமஹா ஆர்6. அந்த ஆர்6 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் வீட்டு வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி இடது கணுக்கால் முறிந்தது. தகடு வைத்தார்கள். எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் பாதம் பழைய அளவுக்கு மடங்குவதில்லை. ஆர்6-இன் ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு பின்னால், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேல் கியருக்குப் போக, நெம்புகோலுக்கு அடியில் பாதத்தை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் வலி முழங்கால்வரை ஏறுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஜூலை மாதம் ஒரு சரிவான சிக்னலில் இடது காலை ஊன்றியபோது அது தாங்கவில்லை. வண்டி அப்படியே சாய்ந்தது. ஏறக்குறைய 190 கிலோ. பின்னால் காரில் வந்தவர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். மறுநாள் வேலைக்கு பஸ்ஸில் போனேன். அதற்குப் பிறகு நான்கு முறைதான் வண்டியை எடுத்திருக்கிறேன்.

மனைவி நிறுத்தச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. கான்-ஆம் ரைக்கர் 900, யமஹா நிக்கென் என்ற மூன்று சக்கர வண்டிகள் இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழு எம் வகுப்பு மோட்டார் சைக்கிள் உரிமம் இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. வளைவில் எனக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் என் கேள்வி. ஓட்டியவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஒற்றைத்தடம் (மிசிசாகா)

அண்ணா, ரைக்கரை வாங்காதீர்கள்.

வளைவில் வண்டியும் உடலும் ஒன்றாகச் சாய்ந்து, பாரம் நேராக இருக்கைக்குள் இறங்கும் அந்த நொடிக்காகத்தான் நாம் பைக் ஓட்டுகிறோம். ரைக்கர் சாயாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று தட்டையாக நின்றபடி திரும்பும். உங்களை வெளிப்பக்கம் தள்ளும். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு திரும்புவதில் என்ன சுகம்? பத்தொன்பது வருடங்களாக உடலில் ஊறிய பழக்கத்தை முழுதாகத் துறக்க வேண்டியிருக்கும்.

கணுக்கால்தான் பிரச்சினை என்றால் இரண்டு சக்கரத்திலேயே வழி இருக்கிறது. ஹோண்டாவின் டிசிடி கியர்பெட்டி உள்ள வண்டிகளைப் பாருங்கள். கிளட்ச் நெம்புகோலும் இல்லை, கால் கியரும் இல்லை. அதுவாக மாற்றும், அல்லது இடது கைப் பொத்தானால் நீங்களே மாற்றலாம். அவற்றில் ஒன்றான என்சி750எக்ஸில் பாரம் தாழ்வாக இருக்கிறது, ஃபுட்ரெஸ்ட் காலுக்கு நேர்கீழே இருக்கிறது. ஆர்6-இன் சீற்றம் அதில் கிடைக்காதுதான். ஆனால் அது சாயும்.

பழைய_ஜிக்ஸர் (பிரம்டன்)

பன்னிரண்டு வருடங்கள் ஜிக்ஸர், அதாவது சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 ஸ்போர்ட் பைக், ஓட்டியவன் நான். மூன்று பருவங்களாக ரைக்கர் 900 ராலி வைத்திருக்கிறேன். தம்பி ஒற்றைத்தடம் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு நாள் மட்டும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வது.

முதலில் உண்மையான பாதி. அதில் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்று இருக்கிறது. பைக்கில் வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் அழுத்துவோம். வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். ரைக்கரில் வலது கைப்பிடியை முன்னால் அழுத்தினால் சக்கரம் இடது பக்கம் திரும்பும், காரைப் போல. வாங்கிய முதல் வாரம் ஃபோர்க்ஸ் ஆஃப் தி கிரெடிட் சாலைக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்னால் ஒரு சாதாரண வலது வளைவு. மணிக்கு 40 கிலோமீட்டர்கூட இருக்காது. பழக்கத்தில் கை அழுத்தியது. வண்டியின் மூக்கு மஞ்சள் கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்துக்குள் போய்விட்டது. எதிரே யாரும் வரவில்லை. ஓரத்தில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு நனைந்திருந்தது. அண்ணா, எதை வாங்கினாலும் முதல் இரண்டு நாட்கள் காலியான வாகன நிறுத்துமிடத்தில் எட்டுப் போட்டுப் பழகுங்கள். இதை யாரும் கடையில் அழுத்திச் சொல்வதில்லை.

இனி மற்றப் பாதி. வெளிப்பக்கம் தள்ளுகிறது என்பது சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு. ஸ்போர்ட் பைக்கில் இருந்து வந்தவருக்கு உடலை உள்ளே இறக்கத் தெரியும். அதையேதான் இங்கேயும் செய்ய வேண்டும். வெளிப்பக்கக் காலை ஃபுட்ரெஸ்டில் நன்றாக ஊன்றி, மார்பை உள்பக்கக் கைக்கு மேலே கொண்டுபோனால் வண்டி ஆணி அடித்ததுபோலத் திரும்பும். வேர்க்கும், தோள் வலிக்கும், பனியில் ஸ்னோமொபைல் ஓட்டுவதுபோல இருக்கும். அதுவும் ரைக்கரைச் செய்யும் நிறுவனத்தார் வேலைதான். கியூபெக்கின் வல்கூரில் ஸ்னோமொபைல் செய்து பெயர் வாங்கியவர்கள்தான் 2007இல் ஸ்பைடர் என்ற மூன்று சக்கர வண்டியையும் பிறகு ரைக்கரையும் கொண்டுவந்தார்கள். வளைவு முடியும் இடத்தில், ராலி நிலையில் வைத்து ஆக்சிலேட்டரைத் திருகினால் பின்சக்கரம் சரளையில் அளவோடு வழுக்கும். முன் இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஜிக்ஸரில் அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இருந்ததே இல்லை.

நிலா_எம்டி09 (மார்க்கம்)

நிக்கெனைப் பற்றி யாரும் பேசவில்லையே! என்னுடையது யமஹாவின் எம்டி-09 பைக். முதலில் வந்த நிக்கெனில் இருப்பதும் அதே 847 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். தோழி ஒருத்தியின் வண்டியை ஒரு வார இறுதி முழுவதும் ஓட்டினேன். அண்ணா கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான விடை. நிக்கென் சாயும். 45 பாகை வரை சாயும். முன்னால் இரண்டு 15 அங்குலச் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃபோர்க் குழாய்கள், ஆக நான்கு. இரண்டும் இணையாகச் சாய்கின்றன. கைப்பிடியை அழுத்தித் திரும்பும் பழக்கத்தை மாற்ற வேண்டியதே இல்லை. கீழே குனிந்து பார்க்காவிட்டால் மூன்றாவது சக்கரம் இருப்பதே தெரியாது.

ஏப்ரலில் நம் சாலைகள் எப்படிக் கிடக்கும் என்று தெரியும். குளிர்காலத்தில் கொட்டிய மணல் வளைவுகளின் உள்பக்கத்தில் குவிந்திருக்கும். எம்டி-யில் அந்த வளைவுகளுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன். நிக்கெனில் ஒரு முன்சக்கரம் மணலில் நழுவியபோது மற்றது பிடித்துக்கொண்டது. கைப்பிடியில் சின்ன உதறல், அவ்வளவுதான். ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு இரு வாள்கள் என்று பொருளாம். பொருத்தமான பெயர்.

பழைய_ஜிக்ஸர்

நிலா சொல்வது எல்லாம் சரி. ஆனால் அண்ணா எங்கே விழுந்தார் என்று மறுபடி படியுங்கள். சிக்னலில், நின்ற இடத்தில். நிக்கென் நின்றால் தானாக நிமிர்ந்து நிற்காது. பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டரில் இருப்பதுபோல் சாய்வைப் பூட்டும் வசதி அதில் இல்லை. கால் ஊன்றித்தான் ஆக வேண்டும். எடை 263 கிலோ. ஆர்6-ஐத் தாங்காத கால் அதைத் தாங்குமா? கிளட்சும் உண்டு, இடது கால் கியரும் உண்டு.

பட்டறைக்காரன் (கோவை)

இந்த வண்டிகளில் எதுவும் என் பட்டறைக்கு வந்ததில்லை. ஆனால் முப்பது வருடங்களாக ஆட்டோவும் பைக்கும் பார்க்கிறேன். மூன்று சக்கரத்தின் குணம் எனக்குத் தெரியும்.

ஆட்டோவை வைத்து இந்த வண்டிகளை எடைபோடாதீர்கள். ஆட்டோவுக்கு முன்னால் ஒற்றைச் சக்கரம். வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முழுவதும் முன்னால் வந்து விழும், அங்கே தாங்க அகலம் இல்லை. அதனால்தான் உள்பக்கப் பின்சக்கரம் தூக்குகிறது. ரைக்கரில் அது தலைகீழ். பாரம் வந்து விழும் இடத்தில்தான் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. அதையும் மீறி உள்சக்கரம் தூக்கப் பார்த்தால், பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த மின்னணுக் கட்டுப்பாடு எஞ்சினை அடக்கித் தேவையான சக்கரத்தில் பிரேக் போட்டுவிடும்.

ஆனால் ஆட்டோ ஓட்டுநரிடம் கற்க வேண்டிய ஒன்று உண்டு: குழி. பைக்குக்கு ஒரே தடம், குழியைச் சுற்றிப் போய்விடலாம். மூன்று சக்கர வண்டிக்கு மூன்று தடங்கள். முன்சக்கரங்களுக்கு நடுவில் குழியை விட்டால் பின்சக்கரம் நேராக அதில் இறங்கும். தடத்தின் நடுவில் எண்ணெய் சிந்திய கறுப்புப் பட்டை இருக்குமே, பின்சக்கரம் எப்போதும் அதன்மேல்தான் ஓடும். செலவைப் பொறுத்தவரை ரைக்கரில் சங்கிலிக்கு எண்ணெய் போடும் வேலை இல்லை, அதற்குப் பதில் சுழலும் தண்டு, ஷாஃப்ட் என்கிறார்கள். கியர்பெட்டிக்குப் பதில் தானாக வேகம் மாற்றும் பெல்ட் என்பதால் அதைக் காலத்தில் மாற்ற வேண்டும். விசை முழுவதும் ஒற்றைப் பின்டயரில் இறங்குகிறது, அது சீக்கிரம் தேயும். இதையெல்லாம் கணக்கில் வைத்து வாங்குங்கள் ஐயா.

ஒற்றைத்தடம்

பட்டறைக்காரர் ஐயா சொன்னதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைக் டயர் உருண்டையானது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். ரைக்கரின் டயர் கார் டயர்போலத் தட்டையானது. காரின் எடையோ அதற்குக் கிடையாது. நெடுஞ்சாலை 401-இல் கோடை மழை தேங்கியிருக்கும்போது வேகமாகப் போனால் தண்ணீர்மேல் மிதக்கும். மூன்று சக்கரம் இருக்கிறது, விழமாட்டேன் என்ற எண்ணமே ஆபத்து. காரைப் போல அகலம், காரைப் போல டயர், ஆனால் சுற்றிலும் தகரம் இல்லை, சீட் பெல்ட் இல்லை. இடிப்பவனுக்கு நாம் எத்தனை சக்கரத்தில் இருக்கிறோம் என்பது ஒரு பொருட்டா?

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா 58 வயதில் பைக்கை விட்டு ஸ்பைடர் வாங்கினார். இரண்டு கோடைகள் ஓட்டினார். பிறகு அது கராஜில்தான் நின்றது. ஏன் என்று கேட்டதற்கு, "இதில் நான் பயணிக்கிறேன், ஓட்டவில்லை" என்றார்.

பழைய_ஜிக்ஸர்

அப்பாவின் அனுபவத்தை மதிக்கிறேன் தம்பி. மழையைப் பற்றிச் சொன்னதும் சரி. தேங்கிய தண்ணீரைக் கண்டால் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன், வேறு வழியில்லை. ஆனால் ஸ்பைடர் தொலைதூரப் பயணத்தை நினைத்துச் செய்த பெரிய வண்டி. ரைக்கர் இன்னும் தாழ்வு, இன்னும் இலேசு. ஹேண்டில்பாரையும் ஃபுட்ரெஸ்டையும் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே முன்னும் பின்னும் நகர்த்தலாம். அண்ணாவின் கணுக்காலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவருக்கு முன்னால் இருப்பவை ரைக்கரும் ஆர்6-உம் அல்ல. ரைக்கரும் சோபாவும்.

வல்வைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் பதில் எழுதாததற்குக் காரணம், ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். அக்டோபர் முதல் சனிக்கிழமை ஒரு நாள் வாடகைக்கு ரைக்கர் 900 எடுத்தேன்.

ஜிக்ஸர் சொன்னபடி முதல் ஒரு மணி நேரம் காலியான ஒரு வாகன நிறுத்துமிடத்தில் எட்டுப் போட்டேன். கை இரண்டு முறை தவறாக அழுத்தியது. அங்கே செய்ததால் பிழைத்தேன். யாரும் எச்சரிக்காத இன்னொன்றும் இருந்தது: முன் பிரேக் நெம்புகோல். அது கிடையாது. வலது காலில் ஒரே பெடல், அது மூன்று சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போடும். முதல் சிக்னலில் என் வலது கையின் இரண்டு விரல்கள் நீண்டு வெறும் காற்றைப் பிடித்தன. நாள் முழுவதும் அப்படித்தான். மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அந்த விரல்கள் நீண்டுகொண்டே இருந்தன.

வளைவைப் பற்றி: ஒற்றைத்தடம் தம்பி, நீங்கள் சொன்னது சரி. அந்தச் சாய்வு இல்லை. கலிடன் பக்கத்தில் ஓர் இடது வளைவில், ஆர்6-இல் என்றால் முழங்கால் தானாகத் திறக்கும் இடம், அங்கே வண்டி நிமிர்ந்தே இருந்தது. ஒரு நொடி நெஞ்சு கனத்தது. அதை மறைக்க மாட்டேன். அடுத்த வளைவில் மார்பை உள்ளே இறக்கினேன். வெளிக்கால் ஊன்றிய இடத்தில் தொடை நடுங்கியது. உள்சக்கரம் தரையைக் கவ்வுவது தோள்வரை தெரிந்தது. அது ஆர்6 தரும் சுகம் இல்லை, வேறு ஒன்று. பழகினால் பிடிக்கும் என்று தோன்றியது.

நிலா, நிக்கெனை ஒரு கடையில் ஏறி உட்கார்ந்து மட்டும் பார்த்தேன். நிமிர்த்தும்போதே இடது கால் சொல்லிவிட்டது. மனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது, கால் இடம் தரவில்லை. டிசிடி வண்டிகளிலும் கியர் வலி போகும், ஊன்றும் பயம் போகாது.

அன்றைக்கு 140 கிலோமீட்டர். அத்தனை சிக்னலிலும் இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டிலேயே இருந்தன. இரவு வீட்டில் காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். கணுக்கால் வீங்கவில்லை. மனைவி ஐஸ் பை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். தேவைப்படவில்லை.

மார்ச்சில் ரைக்கர் 900 ஒன்றைப் பழையதாக வாங்கப் போகிறேன். பின்டயரையும் பெல்ட்டையும் பார்த்து வாங்குகிறேன், பட்டறைக்காரர் ஐயா.

ஒற்றைத்தடம்

வாழ்த்துகள் அண்ணா. கணுக்கால் வீங்கவில்லை என்ற வரியைப் படித்த பிறகு நான் எதிர்த்துப் பேச மாட்டேன். தண்ணீர் தேங்கிய இடங்களில் மட்டும் என் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்6-ஐ என்ன செய்யப் போகிறீர்கள்? விற்பதானால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். நன்றாக வைத்துக்கொள்வேன்.

வல்வைக்காற்று

கொடுப்பதானால் உங்களுக்குத்தான் தம்பி. நேற்றுத்தான் டேங்கை நிரப்பி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜரில் போட்டேன். ஏப்ரலில் பேசுவோம்.