பிஎஃப் ஃபயர்வால்: ஃப்ரீபிஎஸ்டி தனி வழியில் போனது சரியா?

வேலிப்பூனை:
ஓப்பன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் யூனிக்ஸ் வழி வந்த தனித்தனி இயங்குதளங்கள். பிஎஃப் என்பது நெட்வொர்க்கில் வந்துபோகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) விதிப்படி வடிகட்டும் ஃபயர்வால். ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் 2001-ல் எழுதிய பிஎஃப்பை ஃப்ரீபிஎஸ்டி 2004-ல் தன் 5.3-ல் சேர்த்துக்கொண்டது. அப்புறம் 9.0 வரை அவ்வப்போது புதிதாக எடுத்துப் போட்டார்கள். கடைசியாக எடுத்தது ஓப்பன்பிஎஸ்டி 4.5-ல் இருந்ததை. 4.7-ல் அங்கே நாட் விதிகளை (பாக்கெட்டின் முகவரியை மாற்றி அனுப்பும் விதிகளை) எழுதும் முறையே மாறிவிட்டது. விளைவு, பெயர் ஒன்றுதான், ஆனால் அங்கே எழுதிய கான்ஃபிக்கை (விதிக் கோப்பை) இங்கே போட்டால் பிழை. எடுத்த இடத்தோடு ஒட்டியே போயிருக்க வேண்டும்.

கர்னல்_கந்தன்:
சொல்வது சுலபம். அன்றைய ஓப்பன்பிஎஸ்டியில் பிஎஃப் முழுவதும் ஒரே பெரிய லாக்குக்குள் (பூட்டுக்குள்) ஓடியது, பிராசசரில் எட்டு கோர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பாக்கெட்டைத் தொடும். ஃப்ரீபிஎஸ்டி 10.0-ல், 2014-ல், அதைப் பிரித்து எல்லா கோரையும் வேலை வாங்கினார்கள். உங்கள் கான்ஃபிக் அப்படியே ஓட வேண்டும் என்று அதை விட்டிருக்க வேண்டுமா?

வேலிப்பூனை:
தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சைப் பாருங்கள். அதே ஆட்கள்தான். மூலத்தை ஓப்பன்பிஎஸ்டிக்கு மட்டும் எழுதுகிறார்கள், மற்ற சிஸ்டங்களுக்கு வேண்டியதைச் சேர்த்து 'பி1' என்று தனியாக வெளியிடுகிறார்கள். லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடுகிறது. இதற்கு மட்டும் என்ன?

கர்னல்_கந்தன்:
எஸ்எஸ்எச் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) வெளியே ஓடுவது, ஐயா. அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். பிஎஃப் கர்னலுக்குள் உட்கார்ந்து பாக்கெட் பஃபர், லாக், விநெட் (ஒரே கர்னலில் பல தனி நெட்வொர்க்குகளை ஓட்டும் வசதி) எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கிறது. அங்கிருந்து எடுத்து இணைக்கும் ஒவ்வொரு மெர்ஜும் பாதி புதிதாக எழுதுவதுதான்.

ரூட்டர்ராசு:
இரண்டையும் வைத்து மேய்க்கிறவன் நான். 5.6-ல் ஓப்பன்பிஎஸ்டி ஆல்ட்க்யூவையே (பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தி வேகத்தைப் பங்கிடும் வசதியையே) தூக்கிவிட்டது. ஒட்டியே போயிருந்தால் என் க்யூ விதிகளும் அத்தோடு போயிருக்கும். 4.7 மாற்றத்தில் அவர்களுடைய சொந்தப் பயனர்களே கான்ஃபிக்கைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது, அதைப் பூனையார் சொல்லவில்லை!

வேலிப்பூனை:
லாக் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃப்ரீபிஎஸ்டி 15-ல் 'நாட்-டு' (4.7-ல் வந்த அந்தப் புதிய எழுதும் முறை) வந்துவிட்டது, பழைய 'நாட் ஆன்' விதியும் கூடவே ஓடுகிறது. அங்கே 2010-ல் வந்தது இங்கே வர 2025 ஆனது. முடியாத காரியம் இல்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்?

கர்னல்_கந்தன்:
செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் யாராவது தர வேண்டும். எழுதும் முறையை மட்டும் மாற்றினால் போதாது, விதிகளைக் கர்னல் எந்த வரிசையில் பார்க்கிறது என்பதும் அதோடு மாறுகிறது. அடுத்து எது வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதற்கு ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.